கருத்துத் தெளிவில்லை

பதினேழாம் சுட்டெண்ணின் கட்டுரையை யேசுரட்ணம் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் தேவைப்படவில்லை. அது தன் மகள் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதத்து ஞாயிறு. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபம். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மற்றத் திருத்துநர் பரமானந்தம். நடுவில் தேத்தண்ணீர்ப் போத்தலும் வடைப் பெட்டியும் சிவப்புப் பேனைகளும். மேல் வகுப்பான பன்னிரண்டின் விடைத்தாள்கள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது; சுட்டெண் மட்டும் தெரிந்தது.

ஒட்டுவித்தவர் அவர்தான். யூலன்ட் பகுதியில் ஏழு ஊர்களில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஏழுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு பரீட்சை. யேசுரட்ணம் ஆறு வருடமாகப் பரீட்சைச் செயலாளர். கிழமை நாட்களில் மருத்துவமனைப் பண்டசாலையில் கையுறைப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புப் பேனை பிடிப்பவர். இரண்டையும் ஒரே ஒழுங்கோடு செய்தார். போன வருடம் அவருடைய மகள் ஸ்ரெபானி பதினோராம் வகுப்பில் முதலிடம் வந்தாள். இரண்டு கிழமையில், வகுப்புகளை நடத்தும் கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஒரே வரி. 'திருத்துறவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலிடமோ?'

அந்த வரி அவரைத் தின்றது. மகளுக்குத் தொண்ணூற்றொரு புள்ளி போட்டவர் அவர்தான். கூடப் போடவில்லை என்று நினைத்தார். போடவில்லை என்று சத்தியம் பண்ண அவரால் முடியவில்லை.

அதற்கு வழி சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. மார்கழியிலிருந்து ஸ்ரெபானி வாய் திறந்தால் சீனாதான். ஆயிரம் வருடத்துக்கு முந்திய சொங் பேரரசு. ஜிம்னேசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் கடைசி வருடம், ஏதோ பெரிய ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் இது என்று எடுத்துக்கொண்டார்.

"அப்பா, அவங்கள் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைச்சவங்கள். தாளிலை பேரை ஒட்டி மறைச்சுப்போட்டுத்தான் திருத்தக் குடுப்பினம்."

"கெட்டிக்காரர்."

"அதுவும் காணாதாம். கையெழுத்தை வைச்சுக் கண்டுபிடிப்பினமெண்டு, எழுத்தரைக் கொண்டு எல்லாத் தாளையும் திருப்பி எழுதுவிச்சவங்கள். சிவப்பு மையிலை. திருத்துறவர் பாக்கிறது அந்தப் பிரதியைத்தான்."

"உவங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்றாள் அமலராணி, மீன்குழம்பை நகர்த்தியபடி.

"இன்னும் இருக்கம்மா. திருத்துறவருக்குச் சொந்தக்காரர் ஆரும் சோதினை எழுதினா, அவைக்கு வேறை மண்டபம், வேறை ஆள் திருத்துவினம்."

யேசுரட்ணம் மூன்றில் ஒன்றை எடுத்தார். பெயரை மறைக்கலாம். திருப்பி எழுத யூலன்டில் எழுத்தருக்கு எங்கே போவது? மேல் வகுப்புத் தமிழைத் திருத்தக்கூடியவர்களே இரண்டு பேர். அதில் ஒருவர் அவர். மகளின் தாளை மட்டும் பிரித்து மற்றவரிடம் கொடுத்தால், பெயரை மறைத்தும் பயனில்லை. மூன்றாவதுக்கும் வழியில்லை. கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. தலைவர் செல்வரட்ணம், "மொட்டைக் கடிதக்காரனுக்கு இனி முத்திரைக் காசு மிச்சம்" என்றார்.

இப்போது பதினேழாம் சுட்டெண் முன்னால் கிடந்தது.

கட்டுரைத் தலைப்பு 'நல்லாட்சி எப்படி இருக்க வேண்டும்?' மற்றப் பிள்ளைகள் வரியையும் ஆஸ்பத்திரியையும் தேர்தலையும் பற்றி எழுதியிருந்தார்கள். இந்தப் பிள்ளை சொங் பேரரசைப் பற்றி எழுதியிருந்தது. விளைச்சல் கூடிய வருடம் அரசு நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்ததையும், பஞ்சத்தில் அதையே குறைந்த விலைக்கு விற்றதையும் எழுதியிருந்தது. எந்த அதிகாரியும் தன் சொந்த ஊரில் அதிகாரியாக இருக்க முடியாது என்பதையும், அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் எழுதியிருந்தது. பிறகு ஒரு திருப்பம். பெரிய அதிகாரிகளின் பிள்ளைகள் பரீட்சை எழுதாமலே உத்தியோகம் பெற இன்னொரு வாசல் இருந்ததாம். பரீட்சைக்குப் பத்து இருபது வருடம் படிக்க வேண்டும். வயலில் நிற்க வேண்டியவனுக்கு அந்த வருடங்கள் இல்லை. கடைசியில் இப்படி முடிந்திருந்தது: 'கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. கதவு வரைக்கும் போகிற பாதை எல்லோருக்கும் இருக்கவில்லை.'

யேசுரட்ணம் அந்த இரண்டு வசனத்தையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். டென்மார்க்கில் பிறந்த பிள்ளை எழுதிய தமிழ். நாற்பதுக்கு முப்பத்தாறு போட்டார். மொத்தம் எண்பத்துநான்கு வந்தது. இதுவரை திருத்தியதில் அதுதான் கூட.

கையெழுத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். உருண்டை எழுத்து, ஒன்றையொன்று தொடாத எழுத்து. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஒட்டிய தாளைக் கிழிக்கும் நாள் கண்முன் வந்தது. மறுபடியும் யேசுரட்ணத்தின் மகள். மறுபடியும் கடிதம். 'மறைத்தும் தெரிந்ததோ?' என்று இந்த முறை எழுதுவார்கள்.

பிழை தேடினார். கிடைக்கவில்லை. கடைசி இரண்டு வசனத்துக்கு நேரே, ஓரத்தில், 'கருத்துத் தெளிவில்லை' என்று எழுதினார். களஞ்சியத்தைப் பற்றிய பந்திக்குப் பக்கத்திலும் அதையே எழுதினார். முப்பத்தாறை வெட்டி முப்பது ஆக்கினார். எண்பத்துநான்கு எழுபத்தெட்டானது. முதலிடம் இனி வேறொரு தாளுக்கு. தன் பிள்ளையிடம் தானே எடுத்தால் யார் கேட்பது?

"என்ன யேசு அண்ணன், பெருமூச்சு?" என்றார் பரமானந்தம்.

"ஒண்டுமில்லை."

"அப்ப இதைக் கேளுங்க. ஒன்பதாம் சுட்டெண். கட்டுரை ஏழு வரி. 'நல்லாட்சி என்றால் மக்கள் சந்தோசமாக இருப்பது. நான் இப்போது களைத்துவிட்டேன். நன்றி.'" பரமானந்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நன்றியாம்!"

யேசுரட்ணமும் சிரித்தார். மனம் லேசாகியிருந்தது. "வீட்டிலை தமிழ் கதைக்காத பிள்ளை. உதுக்குத் தாய் தேப்பனைத்தான் சொல்ல வேணும்" என்றார்.

மாலையில் ரண்டர்ஸுக்குக் காரோட்டி வரும்போது அவர் பாட்டு முணுமுணுத்தார். வீட்டுக்குள் வந்ததும் மகளின் தலையைத் தடவினார். அவள் விலகி, "என்ன?" என்று டெனிஷில் கேட்டாள். "சும்மா" என்றார்.

*

மூன்று கிழமை கழித்து அதே மண்டபத்தில் தாள்களைக் கிழித்தார்கள். செல்வரட்ணம் கைக்கு வந்தபடி ஒவ்வொன்றாகக் கிழித்துப் பெயர் வாசித்தார். யேசுரட்ணம் பட்டியலில் எழுதினார்.

"பதினேழு. மிதுஷா. ஸ்கீவ வகுப்பு. எழுபத்தெட்டு."

யேசுரட்ணத்தின் பேனை நின்றது. "திருப்பிப் பாருங்கோ அண்ணை."

"என்னத்தைத் திருப்பிப் பாக்கிறது? கொட்டை எழுத்திலை கிடக்கு, மிதுஷா."

எழுதினார். கை தன்பாட்டில் எழுதியது. ஐந்தாறு பெயர் கழிந்தது.

"ஒன்பது..." செல்வரட்ணம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பரமானந்தத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், "ஸ்ரெபானி யேசுரட்ணம். நாற்பத்தொண்டு."

பரமானந்தம் இருமினார். இருமல் நிற்க நேரமெடுத்தது.

"பறவாயில்லை யேசு," என்றார் செல்வரட்ணம். "ஒரு விதத்திலை நல்லது. இந்த முறை ஒருத்தரும் வாய் திறக்கேலாது." பட்டியலை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். முகம் மாறியது. "ஆனா ஸ்கீவக்கு இப்ப ஆள் இல்லையே."

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு ஊரில் ஒன்றான ஸ்கீவயில் பதினெட்டு வருடமாகப் படிப்பித்த தங்கராணி ரீச்சர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மகனோடு இருக்க ஓகூஸுக்கு வருகிறார். எட்டுப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பு. இரண்டு வருடமாக அவருக்குப் பக்கத்தில் நின்று சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் மிதுஷா. இந்தக் கோடையில் ஜிம்னேசியம் முடிக்கிறாள். ஒரு வருடம் ஊரிலேயே நின்று மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபடி வகுப்பை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் கமிட்டிச் சட்டம் ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எண்பது புள்ளி எடுத்தவரைத்தான் ஆசிரியராக நியமிக்கலாம். ஆளாளுக்குத் தன் மச்சாளையும் மருமகளையும் கொண்டுவந்து நிறுத்திய காலத்தில் போட்ட சட்டம். சட்டத்தை எழுதியவர் யேசுரட்ணம்.

"ரண்டு புள்ளி," என்றார் செல்வரட்ணம். "வெறும் ரண்டு புள்ளி. பாவம். ஆனா சட்டம் சட்டம்தானே. வகுப்பை மூடுறது எண்டு எழுதும். பிள்ளையள் வேணுமெண்டா வீபோ வகுப்புக்குப் போகட்டும்."

போகமாட்டார்கள். முப்பது கிலோமீட்டர். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார். அதுவும் எல்லோருக்கும் தெரியும். யேசுரட்ணம் எழுதினார். ரீச்சருக்கும் பெற்றோருக்கும் போகிற கடிதத்தின் அடியில் கையெழுத்தும் வைத்தார்.

*

"ஏன் ஏழு வரி?" என்று மகளைக் கேட்டார்.

ஸ்ரெபானி தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டெனிஷில் பதில் சொன்னாள். அடுத்த நாள் தனக்கு இரசாயனப் பரீட்சை இருந்ததாம்.

"தமிழிலை சொல்லு."

"கெமிஸ்ட்ரி அப்பா. எனக்கு அதுதான் முக்கியம். போன வருசம் உங்களுக்காகப் படிச்சு எழுதினனான். முதல் வந்தாப்பிறகு ஒருத்தரும் என்னை நல்லது எண்டு சொல்லேல்லை. எல்லாரும் உங்களைத்தான் பாத்தவை."

"நீ சீனாவைப் பற்றி எழுதியிருக்கலாமே. உன்ரை ஆய்வுக் கட்டுரை அதுதானே."

அவள் நிமிர்ந்தாள். "என்ரையோ? என்ரை பாசி அப்பா. லிம்ஃபியோர்ட் கடல்பாசி."

"அப்ப சீனா?"

"அது மிதுஷாவின்ரை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவாள், சொங், சொங் எண்டு. கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம்."

அமலராணி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆறு மாசமா யன்னலிலை போத்தல் போத்தலாப் பச்சைத் தண்ணி வைச்சிருந்தவள். காணேல்லையோ? ஒண்டை அழுக்குத் தண்ணி எண்டு ஊத்தினதும் நீங்கள்தான். பிள்ளை எவ்வளவு அழுதவள்."

அது நினைவிருந்தது. பூச்சாடிக்கு ஊற்றும் தண்ணீர் என்று நினைத்திருந்தார். அவள் ஏன் அழுதாள் என்று கேட்கவில்லை. கோயிலில் நாலு பேரிடம், "மகள் சீன அரசைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறாள்" என்று சொல்லியிருந்தார். அவர்கள் வியந்தார்கள்.

"ஏன் அப்பா, என்ன?" என்றாள் ஸ்ரெபானி.

"ஒண்டுமில்லை" என்றார். பதினேழாம் தாளைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அது இரண்டாவது தரம்.

*

நேர்வழி ஒன்றும் குறுக்குவழி ஒன்றும் இருந்தன. குறுக்குவழியை முதலில் பார்த்தார். மாணவர் கேட்டால் விடைத்தாளை மீள்திருத்தலாம். பதினாலு நாள் தவணை. மிதுஷா கேட்டால் போதும். தாள் திரும்ப அவர் கைக்கு வரும். ஆறு புள்ளியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியத் தேவையில்லை.

வேலை இடைவேளையில், பண்டசாலையின் பின்வாசலில் நின்று தங்கராணி ரீச்சருக்குத் தொலைபேசி அடித்தார்.

"முழங்கால் எப்படி ரீச்சர்?"

"மடிக்கிறது, நிமிர்த்துறது இல்லை. உங்கடை கமிட்டி மாதிரி." ரீச்சர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "கடிதம் வந்தது தம்பி. பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்லை."

"ரீச்சர், மிதுஷாவை மீள்திருத்தத்துக்குப் போடச் சொல்லுங்கோ."

"ஏன்? பிழை ஏதும் கண்டனீரோ?"

"இல்லை, சும்மா. ரண்டு புள்ளிதானே. சில நேரம் கூடலாம்."

"நானும் சொன்னனான். மாட்டாளாம். 'யேசுரட்ணம் அங்கிள் திருத்தினது, அவர் சொந்த மகளுக்கே நாற்பத்தொண்டு போட்டவர், பிழை இராது' எண்டாள்."

யேசுரட்ணம் சுவரில் சாய்ந்தார். தள்ளுவண்டி ஒன்று கடந்து போனது.

"இன்னொண்டு தம்பி," என்றார் ரீச்சர். "தாளைத் திருப்பி அனுப்பினீரெல்லோ. ஓரத்திலை கருத்துத் தெளிவில்லை எண்டு கிடக்கு. பிள்ளை அதை மாத்தி மாத்தி எழுதிக்கொண்டு திரியுது. எனக்குக் கொண்டுவந்து காட்டுது. எனக்கெண்டா முதல் எழுதினதே நல்லாத்தான் இருந்தது. நான் பழைய ஆள், உங்களுக்குத்தானே தெரியும் இப்பத்தைய முறை."

"வைக்கிறன் ரீச்சர். வேலைக்குக் கூப்பிடினம்."

யாரும் கூப்பிடவில்லை. தவணை முடிய நாலு நாள் இருந்தது. நாலும் போயின. ஒவ்வொரு நாளும் தொலைபேசியை எடுத்தார், வைத்தார். இரவில் அமலராணி, "என்னப்பா, உடம்புக்கு ஏதுமோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

*

ஆனி மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார். ஏழு பேர் இருந்தார்கள். மடித்து வைத்திருந்த கடதாசியை விரிக்காமலே சொன்னார். பதினேழாம் சுட்டெண்ணைத் தன் மகள் என்று நினைத்ததைச் சொன்னார். பழி வரும் என்று பயந்து ஆறு புள்ளி குறைத்ததைச் சொன்னார். ஓரத்தில் எழுதியது பொய் என்றும், அந்தப் பிள்ளைக்கு உரியது எண்பத்துநான்கு என்றும் சொன்னார்.

 தன்னை ஏசப்போகிறார்கள் என்று நினைத்தார். அது வந்தால் நல்லது என்றும் இருந்தது.

செல்வரட்ணம் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார்.

"பாருங்கோ," என்றார் மற்றவர்களைப் பார்த்து. "பெத்த பிள்ளையெண்டு நினைச்சு, பிள்ளையின்ரை புள்ளியை வெட்டின மனுசன். உலகத்திலை எல்லாரும் கூட்டிப் போடுவினம். குறைச்சுப் போட்டவரைக் கண்டனீங்களோ?"

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

"அண்ணை, நான் பிழை செய்திருக்கிறன் எண்டு சொல்லுறன்."

"கூட்டிப் போட்டாத்தான் களவு. குறைக்கிறதிலை என்ன களவு?"

"அது என்ரை பிள்ளை இல்லையே. இன்னொருத்தரின்ரை பிள்ளை."

"உமக்கு அப்ப தெரியாதுதானே."

"புள்ளியை மாத்துங்கோ. நியமனத்தைக் குடுங்கோ."

செல்வரட்ணத்தின் கை தோளிலிருந்து இறங்கியது. "யேசு, தவணை முடிஞ்சுது. இப்ப மாத்தினா, ஏன் மாத்தினது எண்டு கேப்பினம். காரணத்தைச் சொன்னா ஏழு ஊரிலையும் தாய் தேப்பன் தாளைத் தூக்கிக்கொண்டு வருவினம், என்ரை பிள்ளைக்கும் ஆரோ எண்டு நினைச்சு வெட்டினவையோ எண்டு. பிறகு பரீட்சையே இல்லை. ஒரு வகுப்புக்காக ஏழையும் மூடுறதோ? அடுத்த வருசம் அந்தப் பிள்ளை திருப்பி எழுதட்டும்."

"அடுத்த வருசம் அங்கை வகுப்பு இராது."

"அது வேறை பிரச்சினை."

அறிக்கைப் புத்தகத்தில் அன்று ஒரு வரி ஏறியது. 'செயலாளரின் நேர்மையைக் கூட்டம் பாராட்டுகிறது.' எழுத வேண்டியவர் செயலாளர். அவர் மறுத்தார். செல்வரட்ணம் தானே எழுதினார்.

கார்த் தரிப்பிடத்தில் பரமானந்தம் பின்னால் வந்தார். வடைப் பெட்டி கையில் இருந்தது. நெடுநேரம் கார்த் திறப்பைத் தேடினார்.

"அண்ணன், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேள்."

"உங்களைப் பாராட்டினம். அந்தப் பிள்ளையிட்ட ஆரு போய்ச் சொல்லுற?"

*

சனிக்கிழமை ஸ்கீவக்குப் போனார். மழை. வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். வீபோ தாண்டியதும் ஒத்திகை மறந்துபோனது.

பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை. கடைசி வகுப்பு. தங்கராணி ரீச்சர் காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். மிதுஷா பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பிள்ளை, மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அங்கிள்! வகுப்பைத் திருப்பித் திறக்கப்போறியளோ?"

"உன்னோடை கதைக்க வேணும் பிள்ளை. வெளியிலை."

நடைபாதையில் சிறு சப்பாத்துகளும் ஈரமான தொப்பிகளும் கிடந்தன. இருக்க இடம் இல்லை. நின்றபடி சொன்னார்.

"உன்ரை கட்டுரையிலை பிழை இல்லை."

"தெளிவில்லை எண்டு போட்டிருந்தியளே."

"அது பொய். நான்தான் போட்டனான்."

"ஏன்?"

சொன்னார். கமிட்டியில் சொன்னதைவிடக் குறைந்த சொற்களில். மொட்டைக் கடிதத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டு, அதை விட்டார். அது சாட்டாகக் கேட்டது.

மிதுஷா கேட்டு முடித்தாள். பிறகு சட்டென்று சிரித்தாள். "ஸ்ரெபானி எழுதினதெண்டோ? அவளோ?" சிரிப்பு வந்த வேகத்தில் போனது. "சீனாவிலையும் இப்பிடி ஒண்டு நடந்ததாம் அங்கிள். திருத்தினவர் பெரிய ஆள். ஒரு தாளை வாசிச்சுப்போட்டு, இது தன்ரை மாணவன்ரை எண்டு நினைச்சாராம். ஆக்கள் கதைப்பினம் எண்டு முதலாம் இடத்தை இரண்டாம் இடமாக்கிப்போட்டார். பாத்தா வேறை ஒருத்தன். நான் அதைக் கட்டுரையிலை போடேல்லை. இடம் காணேல்லை."

"அவனுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. இரண்டாம் இடமும் சித்திதானே. உத்தியோகம் கிடைச்சது."

 உள்ளே பிள்ளைகள் எதையோ ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் குரல் திருத்தியது.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"புள்ளியை விடுங்கோ," என்றாள் மிதுஷா. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கடைசி வரியை எட்டுத் தரம் மாத்தி எழுதினனான். ரீச்சருக்குக் காட்டினன், அம்மாவுக்கு வாசிச்சன். என்ன தெளிவில்லை எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எனக்குத் தமிழ் அவ்வளவுதான் போலை எண்டு நினைச்சன். உள்ளை பலகையிலை எழுதும்போதுகூட இப்ப ஒருக்கா யோசிச்சுத்தான் எழுதுறன்."

"முதல் எழுதினதுதான் சரி."

"அதை அப்ப சொல்லியிருக்க வேணும். இப்ப நீங்கள் இரங்கிச் சொல்லுறியளோ, உண்மையாச் சொல்லுறியளோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

 முப்பத்தாறு போட்டபோது அந்த வரிகளை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்ல நினைத்தார். அதை யார் நம்புவார்கள்? அவரே வெட்டிய எண் அது.

"கமிட்டிக்குச் சொன்னன்," என்றார். "மாத்தமாட்டினமாம்."

"கமிட்டி என்ன சொன்னது?"

சொல்லாமல் விட்டுவிடலாம். "என்னைப் பாராட்டினவை" என்றார்.

மிதுஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தரம் கோபம் தெரிந்தது. "இண்டைக்கு எட்டுப் பேற்றை தாய் தேப்பனும் வருவினம். மிதுஷாவுக்குத் தகுதி காணாது, அதாலை வகுப்பு இல்லை எண்டுதான் அவைக்குக் கடிதம் வந்தது. அவைக்குச் சொல்லுங்கோ. இந்த வாசலிலை நிண்டு சொல்லுங்கோ."

உள்ளே போய்விட்டாள்.

முதலில் வந்தவள் ஜெசிக்கா. முதியோர் இல்லத்துச் சீருடைக்கு மேல் மழைக்கோட்டு. மகனைக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று வரும்போதே சொன்னாள். யேசுரட்ணம் வாசலில் நின்று சொன்னார். அவள் மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றது.

"விளங்கேல்லை அண்ணை. பிள்ளை எடுத்தது எண்பதுக்கு மேலையோ?"

"எண்பத்துநாலு."

"அப்ப ஏன் கடிதத்திலை தகுதி இல்லை எண்டு கிடந்தது?"

"நான் குறைச்சனான். கடிதத்திலை கையெழுத்து வைச்சதும் நான்தான். அது பொய்க் கடிதம்."

ஜெசிக்கா எழுந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களை எல்லாரும் பெரிய நேர்மையான ஆள் எண்டெல்லோ சொல்லுறவை," என்றாள். பகிடியாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் சொன்னாள். பதிலுக்கு நிற்கவும் இல்லை. "அதை விடுங்கோ. ஓகஸ்டிலை வகுப்பு இருக்கோ, இல்லையோ?"

"கமிட்டி..."

"கமிட்டியைக் கேக்கேல்லை. இருக்கோ, இல்லையோ?"

"மிதுஷா எடுத்தா இருக்கு," என்றார். "அறைக்கு நான் கொம்யூன் நகரசபையிலை என்ரை பேரிலை எழுதிக் கேக்கிறன். கமிட்டி வேண்டாம்."

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை அங்கிள்." மிதுஷா உள்ளேயிருந்து சொன்னாள். பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டுதோ?" என்றாள் ஜெசிக்கா. மகனின் கையைப் பிடித்து மழைக்குள் இறங்கினாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அடுத்த தகப்பன் குடையை உதறிக்கொண்டு வந்தார். யேசுரட்ணத்தை அடையாளம் கண்டு, "என்ன அண்ணை, ஸ்கீவப் பக்கம்?" என்று சிரித்தார்.

யேசுரட்ணம் முதலிலிருந்து தொடங்கினார்.